நான் போய்ப் பாத்திட்டு வாறேன்

அவர் காரை நிழலில்தான் நிறுத்துவார். நிழல் இல்லாத இடமென்றால் இரண்டு சுற்று சுற்றியாவது ஒரு புளியமரத்தையோ கொல்லாமரத்தையோ கண்டுபிடிப்பார். அதன் அடியில் வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்தி, நான் இருக்கிற பக்கம் வெயில் விழவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பார். என்ஜினை நிறுத்தமாட்டார். ஏசி ஓட வேண்டும். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "மக்கா, உள்ள லாக் பண்ணிட்டு இரி. நான் போய்ப் பாத்திட்டு வாறேன்" என்பார்.

போவார். பார்த்துவிட்டு வருவார். அநேகமாக நாங்கள் வந்த வழியே திரும்பிவிடுவோம்.

அவரோடு நான் இரண்டு கோடைக்காலம் வாழ்ந்தேன். பெயர் வேண்டாம். அவருக்கு இப்போது வேறு வாழ்க்கை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடம் அடைத்து, கொட்டாரம் வழியாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு சுற்றுலா வேன்கள் போகத் தொடங்கும்போது, நான் வேலை பார்க்கிற லேபின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவரை நினைக்காமல் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் பையன்கள் பலர் படிக்கிற படிப்பைத்தான் அவரும் படித்திருந்தார், ஃபயர் அண்ட் சேஃப்டி. வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் ஏழெட்டு வருடம் வேலை. ஒரு இடத்தில் ஆட்கள் இறங்கலாமா, ஏறலாமா என்று முதலில் போய்ப் பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. கல்யாணத்துக்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் அதே வேலை கிடைத்தது. "ஒன்ன இங்க விட்டுட்டு நான் அங்க போயி இருந்தா எனக்கு ஒறக்கம் வராது" என்றார். அதைக் கேட்டு அன்று நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்.

பெண் பார்க்க வருவதற்கு முன்பே அப்பா எல்லா இடத்திலும் விசாரித்திருந்தார். குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறமாட்டார். அத்தனையும் உண்மை. இந்த நிமிடம் வரை அதில் ஒன்றையும் நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

முதல் முதலாகப் போனது திற்பரப்புக்கு. கல்யாணம் முடிந்து வந்த முதல் ஏப்ரல். குழித்துறையில் ஆற்றை ஒட்டின அவர்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. காலையிலேயே மாற்றுத் துணி, தலை துவட்டத் துவர்த்து, எண்ணெய்க் குப்பி எல்லாம் ஒரு கூடையில் எடுத்து வைத்தேன். எனக்குத் தண்ணீர் என்றால் உயிர். ராஜாக்கமங்கலத்தில் எங்கள் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில்தான் பொழி, கடலும் வாய்க்காலும் சேருகிற இடம். அதில் நீந்திப் படித்தவள் நான். அதை வழி நெடுக அவரிடம் சொல்லிக்கொண்டே போனேன். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈரத்தலையோடு பெண்களும் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். அருவிச் சத்தம் உள்ளே மெல்லிசாக, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்டது. கொஞ்ச நேரத்தில் முழங்கால்வரை நனைந்து வந்தார்.

"படியில பாசி கெடக்கு. கூட்டமும் நெறய. பயலுவ குடிச்சிட்டு வந்து நிக்கானுவ. இன்னைக்கு வேண்டாம், கேட்டியா."

"ஓரமா நின்னு குளிக்கலாமே?"

"ஓரத்துலதான் மக்கா வழுக்கும்."

கையில் ஒரு குப்பி இருந்தது. அருவியில் பிடித்த தண்ணீர். கதவைத் திறந்து என்னைத் தலையை வெளியே நீட்டச் சொல்லி, அவரே என் உள்ளங்கையில் ஊற்றினார். முகம் கழுவினேன். நல்ல குளிர். "பயந்திட்டியா, தனியா இருந்து?" என்று கேட்டார். என்னை இப்படி ஒருத்தர் தாங்குகிறாரே என்றுதான் அன்று தோன்றியது. திரும்பும் வழியில் சாயாக்கடையில் ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி, ஊதி ஆற்றி, பிட்டுத் தந்தார்.

அப்படித்தான் அந்த வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து நாங்கள் ஊர் சுற்றினோம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அந்தக் கரை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "காத்து பலமாட்டு அடிக்கி. கைப்பிடிச் சுவரு ஒசரம் போராது" என்றார். முட்டத்தில் பாறை சரியில்லை. வட்டக்கோட்டையில் மேலே நிழல் இல்லை. தேங்காப்பட்டணத்தில் அலை ஒரு மாதிரியாக இருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் கிளம்பும்போது, "மாத்துத் துணி எடுத்தியா?" என்று தவறாமல் கேட்பார். ஏமாற்றுவதற்காகக் கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் என்னை இறக்கிக் கூட்டிப் போக வேண்டும் என்றுதான் அவரும் புறப்படுவார்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொல்வார். நன்றாகச் சொல்வார். முட்டத்தில் பாறைக்கு அடியில் தண்ணீர் புகுந்து வெளியே வரும்போது என்ன சத்தம் வருகிறது, மாத்தூரில் கீழே ஆற்றில் எருமைகள் எவ்வளவு சிறியதாகத் தெரிகின்றன என்று கையால் காட்டிச் சொல்வார். எனக்கென்று நொங்கு வாங்கி, தோல் ஒட்டாமல் தானே உரித்து எடுத்து வருவார். நான் ஒன்று வாயில் போடாமல் அவர் ஒன்று எடுத்ததில்லை.

வீட்டிலும் அதே ஆள்தான். குளிக்கிற தண்ணீரில் முதலில் அவர் கை வைத்துப் பார்ப்பார். என் சாயாவை அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் தருவார். கல்யாணத்துக்கு முன்பு நான் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை ஒருநாள் எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தார். "பிரேக் சரியில்ல" என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். பிரேக்கை மாற்றிய பிறகு டயர் சரியில்லை. டயரையும் மாற்றிய பிறகு, "ரோடு சரியில்லியே மக்கா" என்றார்.

நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். நாகர்கோவிலில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரிடம் சொன்னேன். மறுப்பே சொல்லவில்லை. "நான் போய்ப் பாத்திட்டு வாறேன்" என்றார். மறுநாளே லீவு போட்டுப் போய், அந்த லேப் அறைக்குள் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஜன்னலே இல்ல மக்கா. அதுக்குள்ள காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஒனக்கு மூச்சு முட்டும்."

அவர் அம்மாவிடம், என் மாமியிடம், ஒருநாள் இதைச் சொன்னேன். மாமி மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலேயே சொன்னார்: "சின்னதுலேயே அவன் அப்படித்தான். தம்பிக்கு வச்ச சோத்த இவன் ஒரு வாயி தின்னு பாத்திட்டுத்தான் குடுப்பான். ஒன்ன ஒருத்தன் தாங்கு தாங்குன்னு தாங்குதான். எனக்கெல்லாம் ஆரு இருந்தா?"

மாமா குடித்தே போனவர்.

ஒரே ஒருதடவை அவர் தன்னைப் பற்றிப் பேசினார். ஒரு மழை மத்தியானம், வெளியே போக முடியாமல் வீட்டில் இருந்தோம். வளைகுடாவில் ஒருநாள் தலைவலி என்று அறையிலேயே இருந்திருக்கிறார். எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கலாமா என்று போனில் கேட்டிருக்கிறார்கள். முந்தின நாள் பார்த்த தொட்டிதானே என்று, "இறங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். இறங்கினவன் ஏறி வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்.

"போய்ப் பாக்காம சொல்லிட்டேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதைச் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டதாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு மாதம் அப்படித் தோன்றியது. அந்த மாதம் முழுவதும் அவர் சொன்ன இடத்தில் இருந்தேன், சொன்னபடி நடந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறப் போனபோது, "இரி, நான் போய்ப் பாத்திட்டு வாறேன்" என்றார். ஈரத்துணி வாளியோடு ஏணிப்படியின் அடியில் நின்றேன். அவருக்கு வளைகுடாவில் என்ன நடந்திருந்தாலும் சரி, இங்கே கீழே நிற்பது நான்தான் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவது கோடையில் பேச்சிப்பாறை. அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் மலை பச்சையாக இறங்கி வந்து தண்ணீரில் நின்றது. அவர் இறங்கினதும், "நானும் வாறேன்" என்றேன்.

சிரித்தார். "ரெண்டு பேரும் போயி ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஆச்சுதுன்னா?"

"என்ன ஆகும்? சும்மா ரோடுதானே."

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். செருப்பைக் காருக்குள் கழற்றிப் போட்டிருந்தேன். மண் சுட்டது. அவர் சுற்றி வந்து, என் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோபம் ஒன்றுமில்லை. என் பாதத்தைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்து, திரும்பவும் உள்ளே வைத்தார். பிறகு கதவைச் சாத்தினார். மெல்லத்தான் சாத்தினார்.

பக்கத்தில் ஒரு குடும்பம் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம் என்னவோ சொன்னது கண்ணாடிக்குள் கேட்கவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த விதத்திலேயே தெரிந்தது, குடுத்து வைத்தவள் என்கிறாள்.

அதற்குப் பிறகு காரில் தூங்கப் பழகிக்கொண்டேன். அவர் இறங்கிப் போனதும் கண்ணை மூடுவேன். திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டும்போது விழித்து லாக்கை எடுத்துவிடுவேன். மாற்றுத் துணி எடுத்தாயா என்று கேட்டால், கூடையைத் தூக்கிக் காட்டுவேன். அதில் பழைய துவர்த்து மட்டும் இருக்கும். அவர் திறந்து பார்த்ததில்லை. அவர் போய்ப் பார்க்காத ஒரே இடம் அந்தக் கூடை.

அந்த மே மாதத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அம்மா போனில் அழுதாள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர் வேலையிலிருந்து பறந்து வந்து, பத்து நிமிடத்தில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. நிழலில் நிறுத்தினார்.

"இரி மக்கா. நான் போய்ப் பாத்திட்டு வாறேன்."

"எங்க அப்பாவையா?"

"ரெண்டு நிமிசம்."

போய்விட்டார். நான் லாக் பண்ணினேன். கை தானாகப் போனது.

ரொம்ப நேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டினார்.

"நல்லா இருக்காவ. என்கிட்ட பேசினாவ. நீ இப்ப பாக்காண்டாம். டியூப் எல்லாம் போட்டிருக்கு, பாத்தா பயந்திருவ. செரியாகட்டும், நானே கூட்டிட்டு வாறேன்."

"நான் தெனம் அம்பது பேருக்கு ரத்தம் எடுத்தவ. எனக்கு டியூபைப் பாத்தா பயமா?"

"அது வேற. இது ஒன் அப்பா."

"எனக்குப் பாக்கணும்."

"நான்தான் பாத்திட்டேன்லா மக்கா" என்று வண்டியை எடுத்தார்.

வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. செக்யூரிட்டி கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். நான் லாக்கை எடுத்து, கதவைத் திறந்து இறங்கினேன். அவ்வளவுதான். ஓடவில்லை. தார் கொதித்தது. செருப்பு காருக்குள்ளேயே கிடந்தது. பின்னால் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. வழியை அடைத்து நின்றதால் பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவரால் உடனே இறங்கி வர முடியவில்லை.

அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"தலவலி விட்டுதா மக்களே?"

"எந்தத் தலவலி?"

"மருமவன் இப்பம்தானே வந்திட்டுப் போனாரு. மவ வரல்லியான்னு கேட்டேன். ஒனக்குத் தலவலி, வீட்டுல படுத்திருக்கான்னு சொன்னாரே."

அப்பாவின் படுக்கையை ஒட்டின ஜன்னலுக்கு நேர் கீழே அந்த வேப்பமரம் தெரிந்தது. "விட்டுட்டுது அப்பா" என்றேன். நான் அங்கேயே தங்கிவிட்டேன். அவர் வராந்தாவில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். இருந்த நாட்களில் அவருக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். நானே ரத்தம் எடுத்தேன், அங்கிருந்த பெண்ணிடம் ஊசியைக் கேட்டு வாங்கி. அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல என்னால் முடியாது.

அடக்கத்துக்கு எல்லாம் அவர்தான் ஓடினார். பெட்டி, பந்தல், வருகிறவர்களுக்குச் சாயா, எதிலும் ஒரு குறை கிடையாது. கல்லறைத் தோட்டத்துக்கும் முன்கூட்டியே போனார். வெட்டின குழிக்குள் இறங்கி நின்று பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம், "நல்ல எடம் மாமி. மணல் பூமி. வெள்ளம் கட்டி நிக்காது" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். அவரும் அழுதார். அந்த அழுகையில் பொய்யில்லை.

சடங்கெல்லாம் முடிந்து அவர் காரை எடுத்து வந்து வாசலில், பந்தல் நிழலில் நிறுத்தினபோது, நான் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

சபையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். சித்தப்பா நடுவில் உட்கார்ந்து கேட்டார்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிக்காரா? வேற ஏதாவது தொடர்பு?"

"இல்ல."

"பின்ன என்னட்டி? வாயத் தெறந்து சொல்லு."

"காருலேருந்து இறங்க விடமாட்டாரு" என்றேன்.

யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவே உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவளும் ராத்திரி சாப்பாட்டின்போது, "ஒரு தடவ யோசிச்சுப் பாரு" என்றாள்.

கடைசியில் கோர்ட்டில் ஒரு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். நடுவயது அம்மா, கண்ணாடி போட்டவர். இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் தயாராக வந்திருந்தார். போனைத் திறந்து நீட்டினார்.

"எல்லா ஞாயித்துக்கெழமையும் கூட்டிட்டுப் போனேன் மேடம். எங்கெல்லாம் போனோம்னு நீங்களே பாருங்க. ஒருத்தியையும் ஒருத்தன் இப்படிக் கொண்டு நடந்திருக்கமாட்டான்."

அந்த அம்மா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். அருவி. பாலம். பாறை. அணை.

"இதுல இவங்க எங்க?"

"அவ காருல இருந்தா மேடம்."

இன்னும் கொஞ்சம் தள்ளினார். "இதுல?"

"இதுலயும் காருலதான். நல்ல வெயிலு அன்னைக்கு."

மூன்றாவது தடவை அந்த அம்மா கேட்கவில்லை. போனைத் திருப்பி அவரிடம் கொடுத்துவிட்டார். அவர் வாங்கி, முதலிலிருந்து தானே பார்க்கத் தொடங்கினார். விரலை வேகமாகத் தள்ளினார், பிறகு மெதுவாக. ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அதன் மூலையில் எங்காவது நான் இருப்பேன் என்பதுபோல. நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வராந்தாவில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒனக்கு அங்கெல்லாம் வருத்தமாட்டா இருந்துது?"

"ஆமா."

"சொல்லல்லியே."

"சொன்னேன்."

"ஆமா" என்றார். "சொன்ன."

பிறகு, "நான் ஒப்பு போட்டுத் தாறேன்" என்றார். சொன்னபடியே விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டார். ஒரு தகராறும் செய்யவில்லை. எல்லாம் முடிந்ததும் வளைகுடாவுக்கே போய்விட்டார் என்று கேள்வி. அங்கே வைத்து இன்னொரு கல்யாணம், மனைவி நர்ஸ் என்றார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி நான் விசாரித்ததில்லை.

என்னை இப்போதும் சிலர் கேட்பார்கள், நல்ல மனுசனை விட்டு வந்தாயே, வருத்தமில்லையா என்று. இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இங்கே எழுதும்போது பொய் வேண்டாம். அன்றைக்கு அந்த வராந்தாவில், "ஆமா, சொன்ன" என்று அவர் ஒத்துக்கொண்டபோது எனக்கு உள்ளே என்னவோ ஆகிவிட்டது. இரண்டு கோடையாகச் சொல்லியும் யாரும் கேட்காத ஒன்றை அந்த நிமிடம் ஒருத்தர் கேட்டுவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது அவர் கையை நீட்டி, வா, வீட்டுக்குப் போவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன்.

அவர் சொல்லவில்லை.